கவராயமும் கண்ணும்

மாணவ நண்பர்கள் இன்று ஒரு காரியம் செய்துபார்க்க வேண்டும். கேத்திரகணிதப் பெட்டியைத் திறந்து, கவராயத்தையும் அடிமட்டத்தையும் வெளியே எடுங்கள். வெள்ளைத் தாளொன்றில் 5 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒரு சதுரத்தை வரையுங்கள். அதன் அருகே, அதே 5 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஒரு வட்டத்தை வரையுங்கள். இரண்டும் கீழே ஒரே கோட்டில் நிற்கட்டும்; மேலேயும் ஒரே கோட்டைத் தொடட்டும். இரண்டையும் கறுப்பு மையினால் நிரப்பித் தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு, பத்தடி தூரம் பின்னே சென்று நில்லுங்கள். வீட்டிலுள்ள தம்பி தங்கையரை அழைத்து, "இவற்றுள் உயரமானது எது?" என்று கேளுங்கள்.

பெரும்பாலும் சதுரத்தையே காட்டுவார்கள். அடிமட்டத்தைக் கொண்டுபோய் அளந்தால் இரண்டும் சமம். கண்ணைக் கேட்டால் சமம் அல்ல. இவ்வழக்கிலே தீர்ப்புக் கூறும் உரிமை அடிமட்டத்துக்கா, கண்ணுக்கா? சிறுபிள்ளை விளையாட்டுப்போலத் தோன்றும் இக்கேள்விக்கு விடை தேடியே ஒருவகை அச்செழுத்துக் கலை வளர்ந்திருக்கின்றது. இவ்வாரம் அதனைப் பற்றிச் சிறிது பேசுவோம்.

ஆங்கிலம் முதலான மேனாட்டு மொழிகளை அச்சிடுவதற்கு இன்று வழங்கும் எழுத்து வகைகள் பல்லாயிரம். அவற்றுள் ஒன்றை விளையாட்டுப் பொருட் பெட்டிகளிலும், இனிப்புப் பண்ட உறைகளிலும், கணினி விசைகளிலும், கடைப் பெயர்ப்பலகைகளிலும் நீங்கள் கண்டிருப்பீர்கள். கோடுகள் எங்கும் ஒரே தடிப்பாகத் தோன்றும். வளைவுகள் வட்டத்திலிருந்து வெட்டியெடுத்த துண்டுகள்போல இருக்கும். கோடு முடியும் இடமெல்லாம், சதுரமாக வெட்டப்படாது, விரல்நுனிபோல உருண்டிருக்கும். இதனை உருள்முனை எழுத்து என்று அழைப்போம். பார்த்த மாத்திரத்தில், "கவராயமும் அடிமட்டமும் இருந்தால் இதனை நானும் வரைந்துவிடுவேனே!" என்று எவருக்கும் தோன்றும். அங்கேதான் ஏமாற்றம் காத்திருக்கின்றது.

வட்டமும் கோடும்

ஆங்கிலப் புத்தகமொன்றை விரித்து எழுத்துகளை உற்றுப் பாருங்கள். பலவற்றின் தலையிலும் காலிலும் சிறு பாதம்போல ஒரு குறுக்குக் கோடு நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குச் செரிப் என்று பெயர். அது இல்லாத எழுத்துக்குச் சான்ஸ் செரிப் என்று பெயர். அத்தகைய எழுத்தை முதன்முதல் அச்சுக்கென வார்த்து, மாதிரிப் புத்தகத்தில் வெளியிட்டவர் இலண்டனைச் சேர்ந்த நான்காம் வில்லியம் காஸ்லன், ஆண்டு 1816.

அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர், முதலாம் உலகப்போர் முடிந்த ஜேர்மனியிலே, பழைய அலங்காரங்களையெல்லாம் களைந்து புதிய உலகுக்குப் புதிய வடிவங்களைத் தேடும் வேட்கை எழுந்தது. கட்டடமாயினும் நாற்காலியாயினும் எழுத்தாயினும் அடிப்படை உருவங்களிலிருந்தே தோன்றவேண்டும் என்று பலர் எண்ணினர். அக்காலத்திலே பௌல் ரென்னர் என்னும் வடிவமைப்பாளர், வட்டம், சதுரம், முக்கோணம் ஆகிய மூன்றையும் ஆதாரமாகக் கொண்டு 1924ஆம் ஆண்டளவில் ஓர் எழுத்தை வரையத் தொடங்கினார். 1927ஆம் ஆண்டு பிராங்க்பேட் நகரத்துப் பௌவர் எழுத்து வார்ப்பகம் அதனை வெளியிட்டது. அதன் பெயர் பியூச்சுரா. எதிர்காலம் என்பது பொருள். 1969ஆம் ஆண்டு மனிதர் முதன்முதல் சந்திரனில் இறங்கியபோது அங்கே விட்டுவந்த தகட்டிலும் இவ்வெழுத்தே பொறிக்கப்பட்டிருந்தது.

ரென்னர் முதலில் வரைந்த சில எழுத்துகள் கேத்திரகணிதத்துக்கு முழு அடிமைகளாக இருந்தன. சிறிய 'ஆர்' எழுத்தை அவர் ஒரு நேர்கோடாகவும், அதன் தோளருகே தனித்து நிற்கும் ஒரு புள்ளியாகவும் அமைத்தார். அறிவுக்கு அது அழகிய சூத்திரம். வாசிப்போருக்கு அது ஒரு புதிர். அத்தகையவை நாளடைவிற் கைவிடப்பட்டன. எஞ்சியவற்றிலும், பார்வைக்குப் பரிசுத்த வட்டம்போலத் தோன்றும் பகுதிகள் நுணுக்கமாகத் திருத்தப்பட்டன. கவராயம் தொடங்கிவைத்த வேலையைக் கண்ணே முடித்துவைத்தது.

நான்கு திருத்தங்கள்

அத்திருத்தங்களுள் முக்கியமான நான்கினை இங்கே கூறுவோம்.

முதலாவது, உயரம். வட்டமானது கோட்டை ஒரேயொரு புள்ளியில்தான் தொடுகின்றது. சதுரமோ முழுப் பக்கத்தாலும் தொடுகின்றது. அதனால் வட்டம் குட்டையாகத் தெரிகின்றது. ஆகவே, எழுத்து வரைவோர் 'ஓ' போன்ற வட்ட எழுத்துகளை மேலேயும் கீழேயும் கோட்டைச் சற்றே தாண்டவிடுவர். தாண்டியது கண்ணுக்குத் தெரியாது; தாண்டாவிட்டால் மட்டுமே ஏதோ குறையென்று தெரியும்.

இரண்டாவது, தடிப்பு. ஒரே தடிப்புள்ள இரண்டு கோடுகளில் ஒன்றை நிறுத்தி, மற்றதைக் கிடத்தினால், கிடக்கும் கோடு தடித்துத் தோன்றும். எனவே, எங்கும் ஒரே தடிப்பு என்று நம்பச்செய்யும் எழுத்திலே, கிடைக்கோடுகள் உண்மையிற் சிறிது மெலிந்தே இருக்கும்.

மூன்றாவது, சந்திகள். வட்டம் வந்து நேர்கோட்டோடு இணையும் மூலையிலே இரண்டின் கருமையும் சேர்ந்து ஒரு கறைபோலத் தோன்றும். பக்கம் முழுவதும் இத்தகைய கறைகள் இருந்தால், வாசிக்கும் கண் இடறிக்கொண்டே செல்லும். ஆதலால், இணையுமிடத்திலே கோடு ஒடுங்கிச் செல்லுமாறு வரைவர்.

நான்காவது, உருள்முனைக்கே உரியது. சதுரமாக முடியும் கோட்டின் முனையை அரைவட்டமாக உருட்டினால் அதன் இரு மூலைகளும் இல்லாமற் போய்விடும். நீளம் குறையாதிருந்தும் கோடு குறுகியதாகத் தோன்றும். அதனை ஈடுசெய்ய முனையைச் சிறிது நீட்டவேண்டும். ஆகவே, சாதாரண எழுத்தொன்றை எடுத்து மூலைகளை மழுக்கிவிட்டால் உருள்முனை எழுத்து ஆகிவிடும் என்று எண்ணுவோர், கரைந்துபோன சவர்க்காரக் கட்டிகளையே வரிசையாகப் பெறுவர். நல்ல உருள்முனை எழுத்து, உருட்டுவதற்கென்றே தொடக்கத்திலிருந்து வரையப்பட்டதாகும்.

முனை உருண்ட கதை

முனையை உருட்டவேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? அழகுணர்ச்சிக்கு முன்னரே கருவிகள் அதனைச் செய்துவிட்டன. உலோகத் தகட்டிலே பெயரைக் குடையும் பொறியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வெட்டும் அலகு சுழன்றுகொண்டே நகர்கின்றது. சுழலும் அலகு தொடங்கும் இடமும் நிற்கும் இடமும் வட்டமாகத்தானே இருக்கும்? பொறியியல் வரைபடங்களில் எழுதுவோர் பயன்படுத்திய குழாய்முனைப் பேனாவும் அவ்வாறே உருண்ட முனையை விட்டுச்சென்றது. இரவிலே ஒளிரும் நியோன் விளக்கெழுத்து, கண்ணாடிக் குழாயை வளைத்துச் செய்யப்படுவது. அதிலே கூரிய மூலைக்கு இடமில்லை.

இவ்விடத்திலே நமது முன்னோரின் எழுத்தாணியும் நினைவுக்கு வரும். ஓலையின் நார் ஒரே திசையில் ஓடுவது. அத்திசையிலே எழுத்தாணியால் நீண்ட நேர்கோடு கீறினால் ஓலை பிளந்துவிடக்கூடும். தமிழ், சிங்களம் முதலிய எழுத்துகள் வளைந்து வளைந்து வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று அறிஞர் பலர் கூறுவர். அங்கே வளைந்தது எழுத்தின் பாதை. இங்கே உருண்டது கோட்டின் முனை. இரண்டும் வேறுவேறாயினும், எழுதும் பொருளும் கருவியும் எழுத்தின் முகத்தை மாற்றும் என்ற உண்மை இரண்டுக்கும் பொதுவானது.

கருவியின் எச்சமாக இருந்த இவ்வுருவத்தை வேண்டுமென்றே தேர்ந்து, உலகெங்கும் பரப்பிய பெருமை மோட்டார் வண்டித் தொழிலைச் சாரும். ஜேர்மனியின் வொக்ஸ்வகன் நிறுவனம் 1960களின் நடுப்பகுதியில் அவுடி வண்டிகளைச் செய்த நிறுவனத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பின்னர், இரண்டு வகை வண்டிகளையும் விற்கும் முகவர் நிலையங்களை 1978ஆம் ஆண்டளவில் வீ.ஏ.ஜீ. என்ற ஒரே பெயரின் கீழ்க் கொண்டுவந்தது. வொக்ஸ்வகனின் விளம்பரங்கள் பியூச்சுரா எழுத்தினாலே புகழ்பெற்றவை. அவுடிக்கு வேறொரு முகம் இருந்தது. இரண்டு குடும்பங்கள் ஒரே வீட்டிற் குடிபுகும்போது யாருடைய பெயர்ப்பலகையை வாசலிலே மாட்டுவது? இருவருக்கும் பொதுவான புதியதொன்றைச் செய்வதே அறிவுடைமை.

அந்த வேலை செட்லி பிளேஸ் என்னும் வடிவமைப்பு நிலையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அங்கே பணியாற்றியவர்களுள் ஒருவர் ஜெரி பார்னி. பிரித்தானியப் புகையிரதச் சேவைக்கு 1965இல் அறிமுகமான இரட்டை அம்புச் சின்னத்தை வரைந்தவரும் அவரே. 1979ஆம் ஆண்டு வெளிவந்த அவ்வெழுத்து வீ.ஏ.ஜீ. ரவுண்டெட் எனப்பட்டது. தடித்த கோடுகள், திறந்த முகம், உருண்ட முனைகள். வண்டி விற்பனை நிலையத்தின் வாசலிலே அது நின்றபோது, இயந்திரத்தின் கடுமை மறைந்து, அயலவர் ஒருவர் புன்னகையோடு அழைப்பதுபோன்ற தோற்றம் உண்டாயிற்று.

1990களின் தொடக்கத்தில் வொக்ஸ்வகன் அவ்வெழுத்தைக் கைவிட்டது. எழுத்தோ ஓய்ந்துவிடவில்லை. அப்பிள் நிறுவனம் தனது மடிக்கணினிகளின் விசைகளிலே அதனைப் பல ஆண்டுகள் பொறித்தது. 2015ஆம் ஆண்டு வெளிவந்த புதிய மக்புக் கணினியிலிருந்து அவ்விடத்தைச் சான் பிரான்சிஸ்கோ என்னும் வேறோர் எழுத்து பெறத் தொடங்கியது. மோட்டார் வண்டிக்கெனப் பிறந்த எழுத்து, அந்த வண்டியையே கண்டிராதவர்களின் விரல்நுனிகளுக்குக் கீழே வாழ்ந்துவிட்டது.

இனிய முகம்

உருண்டதைக் கண்டால் மனம் ஏன் இளகுகின்றது? 1929ஆம் ஆண்டு வொல்ப்கங் கோலர் என்னும் உளவியலறிஞர், பொருளற்ற இரண்டு சொற்களையும், உருண்டையும் கூரியதுமான இரண்டு உருவங்களையும் காட்டி, எந்தச் சொல் எதற்குப் பொருந்தும் என்று கேட்கும் சோதனையை விவரித்தார். 2001ஆம் ஆண்டு, தமிழ்நாட்டிற் பிறந்த வி. எஸ். இராமச்சந்திரனும் எட்வேட் ஹபார்ட் என்பவரும் 'பூபா', 'கிக்கி' என்ற சொற்களை வைத்து அதனை மீண்டும் ஆராய்ந்தனர். கேட்கப்பட்டோருள் அமெரிக்க மாணவரும் இருந்தனர். தமிழ் பேசுவோரும் இருந்தனர். நூற்றுக்கு 95 பேர் உருண்ட உருவமே பூபா என்றனர். 2006ஆம் ஆண்டு மோஷே பார், மைத்தால் நேத்தா என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வும், கூரிய மூலையுள்ள பொருள்களைவிட வளைந்த பொருள்களையே மக்கள் விரும்புகின்றனர் என்று காட்டியது.

வணிகர்கள் இதனை நன்கு அறிவர். ஆகவேதான் குழந்தை உணவுக்கும், இனிப்புக்கும், புதிதாகத் தோன்றிய தொழில் நிறுவனங்களுக்கும் உருண்ட எழுத்து விருப்பமாயிற்று. இதில் தவறில்லை. ஆனால் எழுத்தின் முகம் வேறு, எழுதப்பட்டதன் அகம் வேறு. கடுவட்டிக்குக் கடன் கொடுப்பவரும் தமது துண்டுப்பிரசுரத்தைக் குழந்தைப் பாட்டுப் புத்தகத்தின் எழுத்திலேயே அச்சிடலாம். முனை உருண்டிருப்பதனால் வட்டி குறைந்துவிடாது. இனிய முகத்தைக் கண்டு மகிழுங்கள். கையொப்பமிடுமுன் அடியிலுள்ள சிறிய வரிகளையும் படியுங்கள். குடும்பத் தலைவர்களும் தலைவியரும் இதனை மனத்திற் கொள்வது நன்று.

எங்கே பொருந்தும்?

இனி, இவ்வெழுத்தின் குறைகளையும் சொல்லாமல் விடுவது முறையன்று.

கவராயத்தால் ஒரு வட்டம் வரைந்து, அதன் இடப்பக்கத்தில் மேலே உயரும் நேர்கோடு ஒன்றை நிறுத்துங்கள். ஓர் ஆங்கில எழுத்து வரும். அதே கோட்டை வலப்பக்கத்தில் நிறுத்தினால் 'டீ' வரும். கீழே தொங்கவிட்டால் இடத்தில் ஒன்று, வலத்தில் 'கியூ' என மேலும் இரண்டு வரும். ஒரே உருவம், கண்ணாடியிற் பார்ப்பதுபோலத் திரும்பித் திரும்பி, நான்கு எழுத்துகளாகிவிட்டது. கணிதத்திற்கு இது சிக்கனம்; புதிதாக வாசிக்கப் பழகும் சிறுவனுக்கு இது சோதனை. பழைய செரிப் எழுத்துகளில் இந்நான்கிற்கும் வெவ்வேறு பாதங்களும் கொடுக்குகளும் இருந்து, ஒன்றை ஒன்றினின்று பிரித்துக் காட்டின. எனவே, மழலையர் நூலுக்கு உருண்ட எழுத்துத்தான் ஏற்றது என்று முடிவுகட்டுமுன், இந்நான்கும் எவ்வாறு வேறுபடுத்தப்பட்டுள்ளன என்று நோக்குதல் வேண்டும்.

இவ்வகை எழுத்துகள் பலவற்றில் பெரிய 'ஐ' யும் சிறிய 'எல்' உம் ஒரே நேர்கோடாகிவிடும். 'ஓ' என்னும் எழுத்தும் பூச்சியமும் நெருங்கிய உறவினராகிவிடும். கணினி விசையிலே இதனாற் கேடில்லை. ஒவ்வொரு விசைக்கும் உரிய இடமே அதன் பெயரைச் சொல்லிவிடும். ஆனால் மருந்துக் குப்பியின் இலக்கம், வண்டியின் பதிவெண், வங்கிக் கணக்கு முதலியவற்றில் இடம் உதவிக்கு வராது. உருவம் ஒன்றே சாட்சி. அங்கே ஒரு கோடு மாறினால் பொருளே மாறிவிடும். அத்தகைய இடத்துக்கு, அழகு சற்றுக் குறைந்தாலும், ஒன்றோடொன்று மயங்காத எழுத்தே வேண்டும்.

நீண்ட கட்டுரைக்கும் நாவலுக்கும் இது பெரும்பாலும் ஏற்றதன்று. எல்லா எழுத்தும் ஒரே வட்டத்தின் பிள்ளைகளாக இருப்பதால், பக்கம் பக்கமாக வாசிக்கும்போது கண்ணுக்குப் பிடிமானம் குறைந்துவிடும். தலைப்பு, பெயர்ப்பலகை, அறிவித்தல், சில சொற்களே உள்ள குறிப்பு ஆகியனவே இதன் சொந்த ஊர். ஜப்பானியர் தமது வீதிப் பலகைகளில் தம் மொழியை உருண்ட முனைகளுடனேயே நெடுங்காலமாக எழுதி வருகின்றனர். தூரத்திலிருந்து வரும் சாரதி ஒருவர் ஓரிரு சொற்களை மட்டுமே வாசிக்கும் இடம் அது.

கொடையாக வந்த எழுத்து

எழுத்துருக்களை விலைகொடுத்தே வாங்கவேண்டும் என்றிருந்த நிலை இன்று மாறிவிட்டது. வேர்ணன் அடம்ஸ் என்னும் வடிவமைப்பாளர் நுனீட்டோ என்ற உருள்முனை எழுத்தை வரைந்து, எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்ற உரிமத்துடன் உலகுக்கு வழங்கினார். 2014ஆம் ஆண்டு விபத்தொன்றிற் படுகாயமுற்ற அவர் 2016ஆம் ஆண்டு காலமானார். அவர் தொடங்கிய எழுத்தை ஜாக் லெ பாயி என்னும் மற்றொருவர் ஏற்று, மெல்லியது முதல் மிகத் தடித்தது வரையான முழுக் குடும்பமாக வளர்த்தார். நட்டவர் போனபின்னும் நிழல் தரும் மரம்போல, இன்று எத்தனையோ மாணவரின் கணினிகளில் அது இருக்கின்றது.

தமிழுக்கும் இவ்வகை எழுத்து வந்துள்ளது. மும்பாயைச் சேர்ந்த ஏக் டைப் என்னும் குழுவினர் இந்திய மொழிகள் பலவற்றுக்கென வரைந்த தடித்த, மென்மையான எழுத்துக் குடும்பத்திலே தமிழுக்குரியது 'பலூ தம்பி' என்ற அன்பான பெயரைப் பெற்றது. இதுவும் கட்டணமின்றிக் கிடைப்பதே.

தமிழை உருட்டுவோர் ஒன்றை மறத்தலாகாது. 'எடு' என்பதற்கும் 'ஏடு' என்பதற்கும் இடையே நிற்பது காலடியிலுள்ள ஒரு சிறு கீற்று. 'பல்' என்பதற்கும் 'பல' என்பதற்கும் இடையே நிற்பது ஒரு புள்ளி. கோடு தடித்து முனை உருளும்போது, அந்தக் கீற்று மழுங்கிவிடலாம். புள்ளி எழுத்தோடு ஒட்டிவிடலாம். ணகரத்தின் சுழிகள் மையால் நிரம்பிவிடலாம். அவ்வாறாயின் அழகு மிஞ்சும், சொல் மறையும். பாடசாலை மலருக்கோ திருமண அழைப்பிதழுக்கோ எழுத்துத் தேரும் நண்பர்கள் இச்சொற்களை அடித்துப் பார்த்து, சிறிதாக்கி, வீட்டிலுள்ள அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ கொடுத்து வாசிக்கச் சொல்லட்டும். அவர் தடையின்றி வாசித்தால் அவ்வெழுத்து தேர்வில் வென்றது என்க.

இனிச் சுவரிலே ஒட்டிய தாளுக்கு வருவோம். அந்த வட்டத்தை அகற்றிவிட்டு, மேலும் கீழும் ஒரு மில்லிமீற்றர் அளவு கோட்டைத் தாண்டும் புதிய வட்டமொன்றை வரைந்து ஒட்டுங்கள். மீண்டும் பத்தடி பின்னே சென்று பாருங்கள். இப்போது அடிமட்டம் சமமில்லை என்று முறையிடும். தம்பி தங்கையர் இரண்டும் ஒரே உயரம் என்பார்கள். நாம் தம்பி தங்கையரின் பக்கமே நிற்போம். எழுத்துப் பிறந்தது அடிமட்டம் அளப்பதற்காக அன்று, மனிதர் வாசிப்பதற்காக. கவராயத்தை நன்றாகப் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அதனைக் கீழே வைக்கவேண்டிய நேரத்தையும் கற்றுக்கொள்ளுங்கள்.